சட்டம் வந்தால் வளர்ச்சி நிற்குமா?

எளாவூரிலும் சுண்ணாம்புக்குளத்திலும் ஆரம்பாக்கத்திலும் இருந்து வந்திருக்கும் பெரியோர்களே, தொழிலுக்குப் போகும் பொழுதை ஒதுக்கிவைத்துவிட்டு ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்து வந்து அமர்ந்திருக்கும் மீனவ நண்பர்களே, தாய்மார்களே, மாணவர்களே! நிலக்கரிப் புகையைக் குறைத்துக்கொண்டே ஒரு நாடு பொருளாதாரத்தில் வளர முடியுமா என்பதே இன்றைய பேச்சு. காற்றும் வெயிலும் தரும் மின்சாரம் அந்த வளர்ச்சிக்கு உதவும் என்பதை இப்போது பலரும் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் சுற்றுச்சூழல் சட்டம் என்றதும் முகம் மாறிவிடுகிறது. சட்டம் போட்டால் தொழில் ஓடிவிடும், தடை போட்டால் முதலீடு வராது, மீனையும் பறவையையும் பார்த்துக்கொண்டிருந்தால் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்காது என்கிறார்கள். இந்தப் பேச்சு உண்மைதானா? கடந்த நாற்பது ஆண்டுகளின் அனுபவம் என்ன சொல்கிறது? சட்டமும் கொள்கையும் உறுதியாக இருந்த இடங்களில்தான் தூய்மையான தொழில் வேர் பிடித்தது, அவை தளர்ந்த இடங்களில் பணமும் போயிற்று, பிழைப்பும் போயிற்று என்பதைத்தான் உங்கள் முன் வைக்க வந்திருக்கிறேன்.

காற்றிலிருந்து தொடங்குவோம். கன்னியாகுமரி மாவட்டம் ஆரல்வாய்மொழிக் கணவாயில் தென்மேற்குப் பருவக்காற்று காலங்காலமாக வீசிக்கொண்டுதான் இருக்கிறது. அந்தக் காற்று மின்சாரமாக மாறத் தொடங்கியது எப்போது? 1986இல் தூத்துக்குடிக்கு அருகே முள்ளக்காட்டில் அரசு முன்னோட்டமாகக் காற்றாலைகளை நிறுவியது. அதன் பிறகு முப்பந்தல் பகுதியே காற்றாலைக் காடாக மாறியது. கோவை, திருப்பூர், இராஜபாளையம் நூற்பாலை முதலாளிகள் அங்கே பணம் போட்டதற்குக் காரணம் என்ன? காற்றாலைக்குப் போட்ட முதலை முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் காட்டி வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று ஒன்றிய அரசு சலுகை தந்தது. முப்பந்தலில் உற்பத்தியாகும் மின்சாரத்தை மின்வாரியத்தின் கம்பி வழியே கோவை ஆலைக்குக் கொண்டுபோகலாம் என்று விதி வந்தது. ஆடி மாதத்தில் மிஞ்சுகிற மின்சாரத்தை வாரியத்தின் கணக்கில் வரவு வைத்து, காற்று ஓய்ந்த மாதத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்றும் ஏற்பாடு வந்தது. இன்று தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. இது கொள்கையின் விளைவுதான் என்பதற்குச் சான்று வேண்டுமா? 2012 ஏப்ரலில் அந்தத் தேய்மானச் சலுகையை ஒன்றிய அரசு நிறுத்தியது. அதற்கு முந்தைய நிதியாண்டில் நாடெங்கும் 3,000 மெகாவாட்டுக்கு மேல் புதிதாக நிறுவப்பட்டிருந்தது. அடுத்த ஆண்டு அது ஏறத்தாழ 1,700ஆகச் சரிந்தது. காற்று குறைந்ததா? குறையவில்லை. சட்டம் கைவிட்டது, முதலீடு நின்றது. 2014இல் சலுகை திரும்ப வந்த பிறகுதான் தொழில் மறுபடி நிமிர்ந்தது.

வெயிலின் கதையும் இதுவேதான். தேசிய சூரிய மின்சக்தித் திட்டத்தின் முதல் ஏலம் 2010இல் நடந்தபோது ஒரு யூனிட்டுக்குக் கேட்கப்பட்ட விலை 10 ரூபாய்க்கு மேல். பணக்காரர்களின் விளையாட்டு என்று அன்று இதை ஏளனம் செய்தவர்கள் உண்டு. 2017 மே மாதம் ராஜஸ்தானின் பட்லாவில் நடந்த ஏலத்தில் விலை 2 ரூபாய் 44 காசுக்கு இறங்கியது. ஏழே ஆண்டில் நான்கில் ஒரு பங்கு! உலகச் சந்தையில் சூரியத் தகடுகளின் விலை சரிந்தது ஒரு காரணம். வெளிப்படையான ஏலம், மின்வாரியங்கள் இத்தனை விழுக்காடு இத்தகைய மின்சாரத்தை வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம், இருபத்தைந்து ஆண்டுக்கு உறுதியான கொள்முதல் ஒப்பந்தம் ஆகியவை இன்னொரு காரணம். வாங்குவதற்கு ஆள் நிச்சயம் என்று தெரிந்தால்தான் வங்கி கடன் தரும், கடன் வந்தால்தான் ஆலை எழும். இன்று திருநெல்வேலி கங்கைகொண்டானில் டாட்டா நிறுவனத்தின் சூரியத் தகடு ஆலை ஓடுகிறது. அங்கே வேலை செய்பவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பிள்ளைப்பாக்கத்தில் 2024 ஜனவரியில் இன்னொரு பெரிய தகடு ஆலை திறக்கப்பட்டது. நாம் வெயிலை மட்டும் விற்கவில்லை, வெயிலைப் பிடிக்கும் கருவியையும் செய்து விற்கிறோம். வேலை வாய்ப்பு எங்கே என்று கேட்கும் தம்பிகளும் தங்கைகளும் அந்த வாசலையும் பார்க்க வேண்டும்.

உங்கள் வீட்டு வாசலுக்கு இன்னும் பக்கத்தில் வருகிறேன். இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் கும்மிடிப்பூண்டி சிப்காட் இருக்கிறது. அங்கே பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக்கும் உலைகள் பல உண்டு. அந்த உலைகளில் பெரும்பாலானவை மின்சாரத்தால் இரும்பை உருக்குபவை. அதாவது அந்தக் கம்பியின் கணக்கில் சேரும் கரியமில வாயுவின் பெரும்பங்கு உலைக்குள் உண்டாவதில்லை, அந்த மின்சாரம் பிறந்த இடத்தில் உண்டாகிறது. நிலக்கரி மின்சாரம் போய்க் காற்றாலை மின்சாரம் வந்தால், உலையில் ஒரு செங்கல்லைக்கூட மாற்றாமலே அந்த இரும்பு கரி குறைந்த இரும்பாகிவிடும். ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஜனவரி முதல், இறக்குமதியாகும் இரும்புக்கும் அலுமினியத்துக்கும் சிமெண்டுக்கும் அவற்றில் பொதிந்த கரிக்கேற்பக் கட்டணம் விதிக்கும் ஏற்பாட்டை முழுமையாக நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறது. கும்மிடிப்பூண்டிக் கம்பி முழுவதும் ஐரோப்பாவுக்குப் போவதில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் சென்னையைச் சுற்றி வாகன உதிரிபாகம் செய்யும் ஆலைகள் உலகச் சந்தையை நம்பியிருக்கின்றன. வாங்குகிறவன் கரிக்கணக்குக் கேட்கத் தொடங்கிவிட்டான். கணக்குக் காட்ட முடியாதவன் நாளைக்குச் சந்தையை இழப்பான். இந்த நிலையில் தூய மின்சாரத்தைத் தொழிலுக்கு எதிரி என்று யாரால் சொல்ல முடியும்?

இப்போது மறுபக்கத்தைப் பார்ப்போம். நிலக்கரி மின்சாரம் மலிவு என்கிறார்களே, அது யாருக்கு மலிவு? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,000 மெகாவாட் அனல்மின் நிலையம் ஒரு மணி நேரம் முழு வீச்சில் ஓடினால் 10 லட்சம் யூனிட் கிடைக்கும். அதற்கு ஏறத்தாழ 700 டன் நிலக்கரி எரிய வேண்டும். நம் நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்கு சாம்பல். ஆக, மணிக்கு 200 டன்னுக்கு மேல் சாம்பல் வந்துகொண்டே இருக்கும். தெற்கே எண்ணூர்ப் பக்கம் வடசென்னை அனல்மின் நிலையமும் வல்லூர் அனல்மின் நிலையமும் வெளியேற்றிய சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகச் சாம்பல் குளங்களுக்கு அனுப்பினார்கள். குழாய்கள் உடைந்தன. கொசஸ்தலை ஆற்றிலும் கழிமுகத்திலும் சாம்பல் படிந்தது. இடுப்பளவு ஆழம் இருந்த இடங்கள் மேடாயின. இறால் பிடித்தவர்கள் கால் வைத்தால் சாம்பல் சேற்றில் புதைந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2022இல் அந்தச் சாம்பலை அகற்றிக் கழிமுகத்தை மீட்கச் சொல்லி உத்தரவிட்டது. அகற்றும் செலவு எந்த யூனிட் விலையில் சேர்ந்திருந்தது? பிழைப்பிழந்த மீனவரின் வருமானம் எந்தப் பேரேட்டில் பதிவானது? எதிலும் இல்லை. மின்சாரத்தின் விலையில் ஒரு பகுதியை எண்ணூர் மீனவர் கட்டிக்கொண்டிருந்தார், ரசீது மட்டும் அவருக்குக் கிடைக்கவில்லை.

எண்ணூர் வேறு, எளாவூர் வேறு என்று நினைக்காதீர்கள். பக்கிங்காம் கால்வாயும் உப்பங்கழிகளும் எண்ணூர்க் கழிமுகத்தையும் பழவேற்காட்டு ஏரியையும் இணைக்கின்றன. சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி நம்முடையது. ஆரணி ஆறும் காளங்கி ஆறும் நன்னீர் கொண்டுவருகின்றன, முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் உள்ளே வருகிறது. இறால் கடலில் பிறக்கிறது. கண்ணுக்குத் தெரியாத குஞ்சாக முகத்துவாரம் வழியே ஏரிக்குள் வந்து, ஆழமில்லாத இந்த இளஞ்சூட்டு நீரில் வளர்ந்து, மறுபடி கடலுக்குத் திரும்புகிறது. முகத்துவாரம் மணல் மூடிக் கிடந்தால் என்ன ஆகும்? ஏரியில் இறால் குறையும், மடவை குறையும், நண்டு குறையும், சில மாதங்கள் கழித்துக் கடலிலும் குறையும். பல்லில் கடித்த ஓலைப் பறியோடு இடுப்பளவு நீரில் அமர்ந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் எடுக்கும் இருளர் பெண்ணுக்கு அன்றைய கூலி குறையும். பூநாரைகள் எங்கே இறங்குகின்றனவோ அங்கே ஏரி உயிரோடு இருக்கிறது என்று கண்டுகொள்ளலாம். இந்த ஏரி ஒரு மூலதனம். ஆண்டுதோறும் வட்டி கொடுத்துக்கொண்டிருக்கும் மூலதனத்தை அழித்துவிட்டு, அழித்த செலவையும் வளர்ச்சிக் கணக்கில் எழுதுவது எந்த ஊர்ப் பொருளாதாரம்?

சட்டம் வளர்ச்சியைத் தடுக்கும் என்பவர்களுக்குப் பதில் சொல்ல, இந்த ஏரியின் வரலாற்றிலேயே ஒரு சான்று இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1990களின் தொடக்கத்தில் கிழக்குக் கரை நெடுக இறால் பண்ணைக் காய்ச்சல் பரவியது நினைவிருக்கும். நெல்வயல், உப்பங்கழி, மேய்ச்சல் நிலம் என்று பாராமல் குளம் வெட்டினார்கள். விதி கிடையாது, எல்லை கிடையாது. ஒரு பண்ணையின் கழிவுநீர் அடுத்த பண்ணையின் வாய்க்காலுக்குள் போனது. குடிநீர்க் கிணறுகள் உப்பாயின. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் சென்றார். 1996 டிசம்பர் 11 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இறால் பண்ணை கூடாது என்றதோடு நில்லாமல், சிலிகா ஏரியையும் பழவேற்காட்டு ஏரியையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அவற்றிலிருந்து 1,000 மீட்டருக்குள் பண்ணை அமைக்கவே கூடாது என்று எழுதியது. நாட்டின் உச்ச நீதிமன்றம் நம் ஏரியின் பெயரைச் சொல்லிக் காவல் போட்டது! அன்று தொழிலதிபர்கள் என்ன சொன்னார்கள்? ஏற்றுமதி செத்துவிடும் என்றார்கள். ஆனால் தீர்ப்பு வருவதற்கு முன்பே, 1994-95இல், வெண்புள்ளி நோய் பண்ணைகளை வாரிக்கொண்டு போயிருந்தது. கட்டுப்பாடில்லாமல் நெருக்கி வெட்டிய குளங்களில் நோய் ஒரு குளத்திலிருந்து மறு குளத்துக்குத் தாவியது. தொழிலைக் கொன்றது நீதிமன்றமா, கட்டுப்பாடின்மையா?

பிறகு என்ன நடந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். 2005இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தை இயற்றி, தீர்ப்பு போட்ட தடையைப் பெருமளவு தளர்த்தியது. அந்தத் தளர்வில் எனக்கு உடன்பாடில்லாத பகுதிகள் உண்டு. ஆனால் அதே சட்டம் பண்ணைகளுக்குப் பதிவைக் கட்டாயமாக்கியது. எந்த நிலத்தில் கூடாது, கழிவுநீரை எப்படி விட வேண்டும், நோயில்லாத குஞ்சை எங்கிருந்து வாங்க வேண்டும் என்று ஒழுங்கு வந்தது. அந்த ஒழுங்குக்குப் பிறகுதான் இந்திய இறால் ஏற்றுமதி பலமடங்கு பெருகி, உலகின் முன்னணி ஏற்றுமதி நாடுகளில் ஒன்றாக நாம் ஆனோம். விதியில்லாத ஐந்தாறு ஆண்டு கொழுத்து நோயில் விழுந்த தொழில், விதி வந்த பிறகு இருபது ஆண்டு நின்றது. இதைவிடத் தெளிவான சான்று வேறு என்ன வேண்டும்?

விதி என்பது டெல்லியிலிருந்தும் சென்னையிலிருந்தும் மட்டும் வருவதல்ல. கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஊர்களில் பாடு முறை தலைமுறைகளாக இருக்கிறது. இறால் ஓடும் இடங்களைப் பிரித்து, யார் எந்த நாள் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று முறை வைத்து, எல்லோருக்கும் சுழற்சியில் நல்ல இடம் கிடைக்கச் செய்த ஏற்பாடு அது. அந்த முறையில் இடம் கிடைக்காத சமூகங்களும் உண்டு, இருளர்கள் வெளியே நின்றார்கள் என்பதை மறைக்கக் கூடாது. அந்தக் குறை தீர்க்கப்பட வேண்டும். ஆயினும், அளவில்லாமல் பிடித்தால் யாருக்கும் மிஞ்சாது என்பதைப் புரிந்துகொண்டு தன் கையைத் தானே கட்டிக்கொண்ட சமூகம் இது. அந்த அறிவு ஆலைகளுக்கும் அரசுகளுக்கும் வர வேண்டும் என்றுதான் கேட்கிறோம்.

சரி, எதிர்வாதங்களுக்கு வருவோம். முதலில் வளர்வோம், பிறகு சுத்தம் செய்வோம், பணக்கார நாடுகளும் அப்படித்தானே செய்தன என்கிறார்கள். இதில் நியாயம் இருக்கிறது. இந்தியரின் தலைக்கணக்குக் கரி வெளியேற்றம் உலகச் சராசரியில் பாதிகூட இல்லை. புகைவிட்டுப் பணம் சேர்த்தவர்கள் நம்மிடம் உபதேசம் செய்வது எனக்கும் கோபம் தருகிறது. ஆனால் அவர்கள் நடந்த பாதை இன்று மலிவான பாதையாக இல்லையே! 1882இல் லண்டனில் நிலக்கரி மின்நிலையம் தொடங்கிய பிரிட்டன், 2024 செப்டம்பர் 30 அன்று தன் கடைசி நிலக்கரி நிலையத்தை மூடியது. கரிக்கு விலை வைத்த கொள்கை அதைச் சாதித்தது. அந்நாட்டின் வெளியேற்றம் 1990ஐவிடப் பாதியாகக் குறைந்தபோதே பொருளாதாரம் பெரிதும் வளர்ந்தது. சில ஆலைகள் வெளிநாட்டுக்கு இடம்பெயர்ந்ததும் அந்தக் கணக்கில் உண்டு என்றாலும், மின்சாரத்தைப் பொறுத்தவரை மாற்றம் உண்மையானது. நாமும் கரிக்கு விலை வைக்கத் தொடங்கினோம். 2010இல் நிலக்கரி டன்னுக்கு 50 ரூபாய் தீர்வை வந்தது, 2016இல் அது 400 ரூபாய் ஆனது. தூய ஆற்றலுக்கென்று தொடங்கிய அந்தப் பணம் 2017இல் சரக்கு சேவை வரி இழப்பீட்டுக்குத் திருப்பப்பட்டது. எண்ணூர்க் கழிமுகத்துக்கும், இந்தக் கடற்கரைக்கும் வந்திருக்க வேண்டிய பணம் அது என்பதே என் கருத்து.

அடுத்த கேள்வி, சூரியன் மறைந்தால் என்ன செய்வது? கேட்க வேண்டிய கேள்விதான். தமிழ்நாட்டில் வைகாசி முதல் புரட்டாசி வரை இரவிலும் காற்று நன்றாக வீசுகிறது, வெயில் குறையும் நேரத்தில் காற்றாலை கை கொடுக்கிறது. மற்ற மாதங்களில் மாலை நேரத் தேவைக்குச் சேமிப்பு வேண்டும். நீலகிரியில் குந்தா நீரேற்று மின்திட்டம் 500 மெகாவாட் திறனுக்குத் திட்டமிடப்பட்டிருக்கிறது. பகலில் மிஞ்சும் மின்சாரத்தால் நீரை மேல் அணைக்கு ஏற்றி, மாலையில் இறக்கி மின்சாரம் எடுப்பார்கள். பேட்டரிகளின் விலையும் ஆண்டுக்காண்டு இறங்குகிறது. நிலக்கரி நிலையங்கள் நாளைக் காலையிலேயே மூடப்படும் என்று நான் சொல்லவில்லை. வடசென்னையில் 800 மெகாவாட் புதிய அலகு 2024இல்தான் திறக்கப்பட்டது. ஆனால் 450 மெகாவாட் பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டதே, ஊர் இருண்டுவிட்டதா? பழையதை ஒவ்வொன்றாக விலக்கிப் புதியதை ஊன்றுவது நடக்கக்கூடிய காரியம்தான்.

இன்னொரு எதிர்வாதம் உங்களிடமிருந்தே வர வேண்டும், வந்தால் மகிழ்வேன். பசுமை மின்சாரம் என்ற பெயரில் எங்கள் கடலை எடுத்துக்கொண்டால்? இது வெறும் அச்சமல்ல. 2024 ஜூனில் ஒன்றிய அமைச்சரவை கடலுக்குள் காற்றாலை அமைக்க 7,453 கோடி ரூபாய் ஒப்புதல் தந்தது. அதில் 500 மெகாவாட் தமிழ்நாட்டுக் கடலுக்கு ஒதுக்கப்பட்டது. தெற்கே மன்னார் வளைகுடா மீனவர்கள் எங்கள் வலை எங்கே போகும் என்று கேட்கிறார்கள். நிலத்திலும் இதே கேள்வி உண்டு. இராமநாதபுரம் கமுதியில் 2016இல் வந்த 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் ஏறத்தாழ 2,500 ஏக்கரில் பரந்து கிடக்கிறது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் சூரிய மின்நிலையங்களுக்கும் காற்றாலைகளுக்கும் முன் அனுமதி கட்டாயம் இல்லை. இந்த விலக்கு திருத்தப்பட வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். புகை விடவில்லை என்பதற்காக ஒரு திட்டம் மக்கள் கருத்துக் கேட்பிலிருந்து தப்பக் கூடாது. மக்களை ஒதுக்கிவிட்டு வரும் திட்டம் வழக்கிலும் போராட்டத்திலும் சிக்கித் தாமதமாகும். கேட்டுவிட்டு வரும் திட்டமே விரைந்து முடியும்.

எங்கள் ஊருக்கு இதனால் நேரடியாக என்ன பயன் என்று கேட்பீர்கள். மூன்று காரியங்கள் இன்றே ஆகக்கூடியவை. சுனாமிக்குப் பிறகு கட்டிய தளம் போட்ட வீடுகள் இப்பகுதிக் குப்பங்களில் இருக்கின்றன. ஒரு கிலோவாட் சூரியத் தகடு நம் ஊர் வெயிலில் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். 2024இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் அதற்கு 30,000 ரூபாய் மானியம், மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய். மீதிப் பணத்தை முன்னால் போட முடியாத குடும்பத்துக்கு இந்த மானியம் ஏட்டுச் சுரைக்காய்தான். ஆகவே மகளிர் குழு வழியாகக் கடன் இணைந்தால்தான் இது குப்பத்துக்கு வரும். அடுத்தது ஐஸ். காலையில் பிடித்த இறாலை மாலைவரை வைத்திருக்க முடியாததால்தான் வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுக்கிறீர்கள். கரையிலேயே வெயிலில் ஓடும் ஒரு குளிர்பதன அறை இருந்தால் விலை பேசும் பலம் உங்கள் பக்கம் வரும். மூன்றாவது படகு. கேரளத்தில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே வேம்பநாட்டுக் காயலில் 2017 ஜனவரி முதல் ‘ஆதித்யா’ என்ற 75 பேர் ஏறும் சூரியப் படகு ஓடுகிறது. ஆழமில்லாத, அலையில்லாத நம் ஏரியும் அப்படிப்பட்ட நீர்தான். டீசலுக்குப் போகும் காசு வீட்டில் தங்கும், எண்ணெய்ப் படலம் ஏரியில் தங்காது.

கடைசியாக, கிராம சபையில் நீங்கள் கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, 2011இலும் 2019இலும், மீனவக் குடியிருப்புகள், வலை உலர்த்தும் இடம், மீன் காயவைக்கும் இடம், ஐஸ் தயாரிக்கும் இடம், மீனவர்களின் பொதுச் சொத்துகள் யாவும் கடற்கரை மேலாண்மை வரைபடத்தில் குறிக்கப்பட வேண்டும், மீனவர்களின் நீண்டகால வீட்டுத் தேவைக்குத் திட்டம் வகுக்கப்பட வேண்டும் என்று சொல்கிறது. வரைபடத்தில் இல்லாத இடம், நாளைக்கு ஒரு துறைமுகமோ மின்நிலையமோ வரும்போது காலி இடமாகவே காகிதத்தில் தெரியும். எளாவூர்ப் பகுதி வரைபடத்தைத் தமிழில் கேளுங்கள். பாடுகளும், பறி போட்டு இறால் எடுக்கும் துறைகளும், முகத்துவாரத்துக்குப் போகும் நீர்வழிகளும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் ஊர்ப் பெரியவர்களும் படித்த பிள்ளைகளும் சேர்ந்து படகில் போய் ஒவ்வொன்றாகக் குறித்து, சபைத் தீர்மானத்தோடு மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புங்கள். அடுத்த கிராம சபைக்குள் அந்த வேலையைத் தொடங்கிவிட முடியும்.